ஜனவரியில் பிறந்தால் டிராகன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழில் சீன ராசிக் கட்டம் பார்த்தேன். 2000-ல் பிறந்தவர்கள் எல்லாரும் டிராகன் என்று போட்டிருந்தீர்கள், அது தப்பு. சீன வருடம் ஜனவரி 1-ல் பிறக்காது, அமாவாசைக் கணக்கு. அந்த வருடம் பிப்ரவரி 5-ல்தான் டிராகன் தொடங்கியது, ஜனவரியில் பிறந்த என் மகள் முயல்! சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி கொண்டுவந்த காலண்டர், உப்புக்காற்றில் ஓரம் சுருண்டு, இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எலியில் தொடங்கிப் பன்றியில் முடியும் 12 விலங்குகள். அதோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று அவர்கள் சொல்லும் ஐந்து மூலகங்களும் சேர்ந்தால் ஒரு சுற்று 60 வருடம். அட, நம்ம பிரபவ முதல் அட்சய வரைக்கும் அதே 60 தானே! ஆனால் ராசி நமக்குச் சந்திரன் நிற்கும் இடத்தை வைத்து, அவர்களுக்குப் பிறந்த வருடத்தை வைத்து. அடுத்த தடவை கட்டத்தில் தேதியையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒரு வாசகர்,
பாம்பன்