கோலிக்குண்டு காணாமல் போனது பற்றியும், ஒரு மருமகள் திட்டு வாங்கியது பற்றியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலிருந்த கோலிக்குண்டெல்லாம் எங்கே போனது என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எட்டாம் வகுப்பு மீன் தொட்டியின் அடியில் இருக்கிறது. கொளத்தூரில் வாங்கிய ஜீப்ரா மீன்கள் போட்ட முட்டையைத் தாங்களே தின்றுவிடும், கோலி பரப்பி வைத்தால் முட்டை இடுக்கில் இறங்கித் தப்பிக்கும். மீன் வேலை முடிந்ததும் எண்ணித் திருப்பித் தருகிறோம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. போன வாரம் ஒரு அம்மா கண் கலங்கி வந்தார். செல்லுக்குள் சக்தி எடுத்துக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் வரும் என்று மகள் வீட்டில் ஒப்பித்திருக்கிறாள், பாட்டி உடனே, "பார்த்தியா, பையன் சோர்ந்து சோர்ந்து விழறதுக்கு நீதான் காரணம்" என்று மருமகளைப் பிடித்துக்கொண்டாராம். பாதிப் பாடத்தோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியது எங்கள் தப்பு. மீதி இதோ.

மீன் கருவுக்கு முதல் மூன்று மணி நேரம் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் வாய் திறக்காது. தாய் மீன் முட்டைக்குள் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில்தான் ஒன்று இரண்டாகி, நான்காகி, ஆயிரம் செல் ஆகிறது. அந்தச் சோற்று மூட்டையில் மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு, அதற்கென்று தனியாக 37 மரபணுக்களும் உண்டு, நமக்கும் அதே 37தான். அதில் காக்ஸ்1 என்ற ஒன்று, நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சக்தி எடுக்கிற சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியின் நடுப்பாகத்தைச் செய்கிறது.

இதுவரை பிள்ளைகள் சொன்னது சரி. பாட்டி கேட்காமல் விட்டது இதற்கு அப்புறம் வருவது: அந்த நொதியில் மூன்று பாகங்களுக்குத்தான் மைட்டோகாண்ட்ரியா மரபணு, மற்ற பாகங்களுக்கெல்லாம் செய்முறை செல்லின் உட்கருவில் (நியூக்ளியஸில்) இருக்கிறது, அது அப்பா பாதி அம்மா பாதி. ஜீப்ரா மீன் கருவில் உட்கரு வழியாக வரும் ஒரு பாகத்தை மட்டும் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். தாய் கொடுத்த 37 மரபணுக்களிலும் கை வைக்கவில்லை, ஆனாலும் நரம்புச் செல்கள் செத்தன, இதயமும் சரியாக வேலை செய்யவில்லை. ஆக, மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனாலே அம்மாதான் காரணம் என்று சொல்ல முடியாது. அந்தப் பையன் விஷயத்தில் மைட்டோகாண்ட்ரியா வரை போகவே வேண்டாம், காலையில் டீயும் பொறையும் மட்டும் சாப்பிட்டு வருகிறான், முதலில் டாக்டரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

அப்புறம், வெளிச்சம் வந்ததும்தான் இந்த மீன் முட்டையிடும். அதனால் சனிக்கிழமை காலை 6 மணிக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். காசிமேட்டில் மீன் எடுத்துத் திரும்பும் அம்மாக்கள் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வரலாம், சினை பற்றி எங்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஞாயிறு காலை வந்தால் கண்ணாடி மாதிரி இருக்கிற கருவுக்குள் இதயம் துடிப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். பாட்டிகளையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்