பில் மார்கழியில், பூசை தையில்

சேலம்
மார்கழி, 2025

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குக் கோவைக்கு மாற்றல். சனிக்கிழமை ஆனால் பை நிறைய அழுக்குத் துணியோடு வந்து இறங்குகிறான். பனி இந்த முறை பலம். காலை ஏழு மணிக்குக் கோரிமேட்டில் நின்று பார்த்தால் மலை இருக்கும் இடமே தெரியவில்லை. மேலே ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது. மாமனார் விட்டுப்போன துண்டு நிலத்தை இப்போது நாங்கள்தான் பார்க்கிறோம் என்று சொன்னேன் அல்லவா, பறிக்க ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. விலைக்குக் குறையில்லை. பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியதே, அந்தச் சூட்டில் எனக்கும் வண்டி ஆசை வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் கதைக்கு வருவோம்.

கொரோனா வந்த வருஷத்திலிருந்து நீ அமெரிக்காவில் வாங்க நினைக்கும், உள்ளேயே கட்டில், அடுப்பு என்று வீடு போலவே இருக்கும் அந்த வீட்டு வண்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாய். "விலை கொஞ்சம் இறங்கட்டும்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருக்கும். இந்தத் தடவை, ரிட்டயர்மென்ட் தேதி வந்துவிட்டது, இனியும் காத்திருக்கலாமா என்று நேராகவே கேட்டுவிட்டாய். வண்டி ஃபைனான்ஸில் காலம் தள்ளியவன் என்பதால் என்னைக் கேட்கிறாய். அமெரிக்காவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வண்டி வண்டிதான், கடன் கடன்தான்.

உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எல்கார்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது, அந்த நாட்டு வீட்டு வண்டிகளில் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில்தான் கட்டப்படுகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததுமே எனக்கு நாமக்கல்தான் கண்ணில் வந்தது. சேஸிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், ஒரு கம்பெனி, அதன்மேல் பாடி இன்னொருவன். அங்கே ஃபோர்டு சேஸிஸ் வந்து நிற்கிறது, மேலே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கட்டுகிறார்கள். இங்கே டாடாவும் லேலண்டும் வந்து நிற்கும், நாமக்கல்காரன் மரமும் தகரமும் வைத்து லாரி கட்டுவான். திருச்செங்கோட்டில் கிணறு துளைக்கும் போர்வெல் வண்டி, கரூரில் பஸ். இப்படிக் கட்டுகிற ஊர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆர்டர் குவிந்தால் ராப்பகலாக அவசரத்தில் கட்டுவார்கள், ஆர்டர் விழுந்தால் பட்டறையே காலியாகிவிடும்.

நீ அனுப்பிய கணக்கை அப்படித்தான் படித்தேன். 2021-இல் டீலர்களுக்குப் போன வண்டிகள் 6,00,240. 2023-இல் 3,13,174. இரண்டே வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதி. 2024-இல் 3,33,733, அதாவது கொஞ்சம் தலை தூக்கியிருக்கிறது. விமானத்துக்கும் ஓட்டலுக்கும் பயந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வீட்டு வண்டி வாங்கினார்கள், வட்டியும் தரையில் கிடந்தது. பிறகு உங்கள் மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போய் 2023 ஜூலையில் ஐந்தேகால் சதவீதத்துக்கு மேலே நிறுத்தியது. வாங்கும் கூட்டம் கலைந்துவிட்டது. சரி, கூட்டம் கலைந்தால் விலை இறங்க வேண்டுமே என்கிறாய். புது வண்டிக்கு இறங்காது, மாப்பிள்ளை. இந்த வருஷம் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் மார்ச்சில் 25 சதவீதம், ஜூனில் 50 சதவீதம் என்று இறக்குமதி வரி போட்டிருக்கிறார்கள். வீட்டு வண்டி கட்ட அது நிறைய வேண்டுமே. டீலர் தள்ளுபடி தருவான், போன வருஷ மாடலைத் தள்ளிவிடப் பார்ப்பான், பட்டியல் விலை மட்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கும். என் அனுபவத்தில் பட்டியல் விலை இறங்கியது வரி குறைந்த சமயத்தில் மட்டும்தான்.

இறங்குவது பழைய வண்டியின் விலை. 2021, 2022-இல் வாங்கியவர்களில் பலருக்கு ஆசை தீர்ந்திருக்கும். கோடையில் ஒருமுறை போய்விட்டு வந்திருப்பார்கள், மற்ற மாதமெல்லாம் வண்டியை நிறுத்த இடவாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வண்டிகள் இப்போதுதான் வெளியே வருகின்றன. நீ போக வேண்டிய இடம் அதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. பதினைந்து வருஷக் கடன் போட்டு வாங்கியிருப்பவனிடம் முதலில் போகாதே. அவன் கெட்டவன் என்பதற்காக இல்லை. வண்டி விழுகிற வேகத்துக்கு அசல் குறையாது. அதனால் வண்டி இன்றைக்கு என்ன பெறுமோ அதைவிட அவனுடைய பாக்கி அதிகமாக இருக்கும். மனமிருந்தாலும் அவனால் விலை இறங்க முடியாது, இறங்கினால் கைக்காசு போட்டுக் கடனை அடைக்க வேண்டும். சங்ககிரி லாரிக்காரர்கள் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டது இதற்குத்தான். டியூ மூன்று நின்றால் வண்டி யார்டுக்கு வந்துவிடும். அந்த யார்டை உனக்குக் காட்டியிருக்கிறேனா? முகப்பில் பிள்ளைகளின் பெயர் எழுதிய லாரிகள் வரிசையாக நிற்கும், கண்ணாடியில் சாக்பீஸால் லோன் நம்பர் எழுதியிருக்கும், உள்ளே ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை காய்ந்து தொங்கும். ஏலம் எடுக்க வருகிறவன் அந்தப் பெயரையெல்லாம் பார்க்க மாட்டான். நேராக டயருக்குப் போவான்.

நீயும் டயருக்குப் போ. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வீட்டு வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், மேல் வரிப்பள்ளம் தேயாமலே ரப்பர் வெடித்துப்போயிருக்கும். பார்ப்பதற்குப் புதுசு போலவே இருக்கும். அப்புறம் மேற்கூரை. ஏணி போட்டு ஏறிப் பார். ஜன்னல் ஓரத்திலும் மேற்கூரை மூட்டிலும் பூசிய பசை வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். உள்ளே வந்து ஷூவைக் கழற்றிவிட்டு மூலை மூலையாக மிதித்துப் பார். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அங்கே பலகை ஊறியிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் கெட்டால் சரி பண்ணலாம், பலகை ஊறிய வண்டியைத் தொடாதே. உங்கள் ஊர்க் குளிரில், குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடிக்கும் என்று நீயே எழுதியிருந்தாய். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்னால் குழாயில் அந்த இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றினாயா என்று விற்பவனைக் கேள். பதில் சொல்லத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடு.

வாங்குவதற்கு முன்னால் இன்னொன்று. ஒரு வாரம் வாடகைக்கு எடு. தங்கச்சியின் முதுகு அந்தக் கட்டிலுக்கு ஒத்துக்கொள்கிறதா, இரண்டடி அகல அடுப்படியில் ரசம் வைக்க முடிகிறதா, கழிவுத் தொட்டிக்குக் குழாய் மாட்டிக் காலி செய்யும் வேலை யாருக்கு, இதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தொட்டி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது உனக்குத்தான். வாடகைக் காசு போச்சே என்று நினைக்காதே, தப்பான வண்டியில் முதல் வருஷமே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

இப்போது என் பாடு.

எங்கள் துண்டு நிலம் இருக்கும் நாகலூர்ப் பக்கம் மழைக்குப் பிறகு பாதை என்று ஒன்று இருக்காது, பள்ளமும் செம்மண் சேறும்தான். பஸ்ஸில் ஏற்காடு ஏறி, அங்கிருந்து பிக்கப் பிடித்து, இறங்கி நடந்து போகிறோம். எஸ்டேட்காரர்கள் வைத்திருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்பைப் பார்த்தால் எனக்கும் ஆசைதான். ஆனால் இப்போது அந்தக் கம்பெனியில் வருவது ‘தார்’ என்ற வண்டி. அந்த வண்டியின் விலையைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். வேடிக்கையாக இருக்கிறது, கேள்.

2020 அக்டோபரில் புதுத் தார் வந்தபோது ஆரம்ப விலை 9.80 லட்சம், எக்ஸ் ஷோரூம், அதாவது பதிவும் இன்சூரன்ஸும் சேராமல். இந்த அக்டோபரில் மெருகேற்றி விட்டபோது ஆரம்ப விலை 9.99 லட்சம். ஐந்து வருஷத்தில் பத்தொன்பதாயிரம்தான் ஏறியதா என்று ஷோரூமில் கேட்டேன். அந்தப் பையன் சிரித்தான். அன்றைக்கு எந்த மாடல் எடுத்தாலும் ஃபோர் வீல் டிரைவ். இன்றைக்கு அந்த விலைக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், எஞ்சினும் சின்ன டீசல். விலையை நிற்க வைத்துவிட்டு வண்டியைக் குறைத்திருக்கிறார்கள். இந்த விலையே கூட செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி குறைந்த புண்ணியத்தில்தான். நான்கு மீட்டருக்குள் இருந்து, டீசல் எஞ்சின் 1500 சிசிக்கு மேல் போகாமல் இருந்தால் 18 சதவீதம். முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு 31 இருந்தது. பெரிய எஞ்சின் என்றால் 40.

அதோடு விட்டதா? நம்ம ஊர் ஆயுள் வரி இருக்கிறதே. 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி இருபது லட்சம் வரை 18. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9.99 லட்சத்து வண்டிக்கு ஏறக்குறைய 1.30 லட்சம் வரி, 12 லட்சத்து வண்டிக்கு 2.16 லட்சம். பத்து லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைத்த அந்த 9.99-ஐ யார் யோசித்தார்களோ, தமிழ்நாட்டுக்காரனுக்கு அது நிஜமாகவே லாபம்.

சரி, உனக்குச் சொன்னதுபோல நானும் பழசு எடுக்கலாம் என்று, ஃபேர்லண்ட்ஸில் ஒருவரிடம் 2022 வண்டி ஒன்றைப் பார்த்தேன். மலையே ஏறாத வண்டி. பளபளவென்று துடைத்து, கவர் போட்டு வைத்திருந்தார். "டயர் இப்பத்தான் மாத்தினது" என்றார். குனிந்து நம்பரைப் பார்த்தேன், வண்டியோடு வந்த டயரேதான். அதை விடு. அவர் சொன்ன விலைதான் தாங்கவில்லை. புது வண்டிக்கும் அதற்கும் நடுவில் பெரிய இடைவெளியே இல்லை. கேட்டால், "நான் ஆன்ரோடு எவ்வளவு கொடுத்தேன் தெரியுமா?" என்கிறார். வரி குறைவதற்கு முன்னால் அவர் கட்டிய வரியை நான் எதற்குச் சுமக்க வேண்டும்? தாருக்கு இங்கே அப்படி ஒரு மவுசு, பழசானாலும் விழமாட்டேன் என்கிறது. பழைய வண்டிக் கடனுக்கு வட்டியும் அதிகம். ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை இந்த ஒரு வருஷத்தில் 6.5-லிருந்து 5.25-க்கு இறக்கியிருக்கிறது, அந்தச் சலுகையும் புது வண்டிக்காரனுக்குத்தான் முதலில் வந்து சேரும். அதனால் உனக்குப் பழசு என்று சொன்ன அதே வாயால் எனக்குப் புதுசு என்கிறேன். உன் வண்டி விழுகிற சாதி, என் வண்டி விழாத சாதி.

ஃபோர் வீல் வேண்டுமா என்று ரொம்ப நாள் குழம்பினேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரி தீர்த்து வைத்தார். "ஐப்பசி கார்த்திகையில எந்த வண்டியும் அங்க இறங்காதுங்க, நடந்துதான் போவணும். மத்த மாசத்துக்கு எதுவும் போவும்." அவ்வளவுதான், சின்ன டீசல் என்று முடிவாகிவிட்டது.

மிச்சம் இருப்பது எப்போது என்பதுதான். டிசம்பரில் வருஷக் கடைசித் தள்ளுபடி. ஜனவரியில் வழக்கம்போல விலை ஏற்றுவார்கள். டிசம்பரில் எடுத்தால் ஆர்.சி.யில் 2025 என்று இருக்கும், பத்தே நாளில் ஒரு வருஷப் பழசு, விற்கும்போது அடிபடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நான் எடுத்த வண்டியை எப்போது விற்றிருக்கிறேன்? என் பழைய பைக்கை உனக்குத் தெரியும். எனக்கு டிசம்பர்தான் சரி.

ஆனால் டிசம்பர் என்றால் மார்கழி. உன் அக்கா ஒரே பிடியாக நிற்கிறாள், மார்கழியில் வண்டி வாசலுக்கு வரக்கூடாதாம். "ஆடியிலதான் தள்ளுபடி போட்டாங்க, அப்பவும் வேண்டாம்ன, இப்ப மார்கழியும் வேண்டாமா, நல்ல நாள்ல யாரு தள்ளுபடி தருவா?" என்று கேட்டுப் பார்த்தேன். பலிக்கவில்லை. கடைசியில் ஷோரூம் பையனே ஒரு வழி சொன்னான். பில்லும் பதிவும் டிசம்பரில் முடித்து வண்டியை அவர்கள் ஷெட்டிலேயே வைத்திருப்பார்களாம், தை பிறந்ததும் டெலிவரி. பில் மார்கழியில், பூசை தையில். நிறையப் பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்றான். உன் அக்கா யோசித்தாள். "பில்லு போட்டாலே வாங்கினதுதான" என்றாள். இன்று காலை வரைக்கும் அந்த வழக்கு முடியவில்லை. நீ போனில் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள், தம்பி சொன்னால் அவளுக்கு வேதம்.

வண்டி வந்தால் குப்பனூர் வழியாக ஏற வேண்டும் என்று இருக்கிறது. அடிவாரத்துப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் சனி, ஞாயிறு பெங்களூர்க்காரர்களின் கார் வரிசைதான். கோடை விழா மே மாதத்தில் வரும், அந்தச் சமயத்தில் மட்டும் வராதே, ஏரிப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. பறிப்பு முடிந்து, மாசியில் வா. மிளகும் அப்போது காய்ந்து கிடக்கும்.

நீ பார்த்து வைத்திருப்பதாகச் சொன்ன அந்த 2022 வண்டிக்குக் கடன் பாக்கி இருக்கிறதா என்று முதலில் கேட்டு எழுது. டயர் நம்பரையும், மேற்கூரை மூட்டைக் கிட்ட வைத்து எடுத்த படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. பணம் ஏதும் கட்டிவிடாதே, அட்வான்ஸ் கூட.

இப்படிக்கு,
உன் சேலத்து மச்சான்