சேலத்துக்கு வந்து வந்து போன விமானங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்ன ஊர்களுக்கு விமான சேவை என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே கொடியசைப்பு, மாலை, கேக் வெட்டும் படம் எல்லாம் வருகிறது. வரட்டும், நல்லதுதான். சேலம் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு கேள்வி. இது எத்தனை வருடத்துக்கு?

எங்கள் கதையைக் கேளுங்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993-லேயே விமான நிலையம் வந்துவிட்டது. என்.இ.பி.சி. விமானம் கொஞ்ச நாள் வந்து நின்றுபோனது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் அதுவும் போனது. அப்புறம் ஏழு வருடம் பயணிகள் விமானமே கிடையாது. 2018 மார்ச் 25-ம் தேதி ட்ரூஜெட் சென்னையிலிருந்து வந்து இறங்கியபோது, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி இந்த மாவட்டத்துக்காரர் என்பதால் விழா இன்னும் அமர்க்களமாக நடந்தது.

ட்ரூஜெட்டை ஏதோ லெட்டர்பேடு கம்பெனி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஹைதராபாதைத் தலைமையிடமாக வைத்து 2015 ஜூலையில் பறக்க ஆரம்பித்த நிறுவனம் அது, தெலுங்கு நடிகர் ராம் சரண் அதில் பங்கு வைத்திருந்தார் என்பதால் தொடக்கத்தில் நல்ல விளம்பரமும் கிடைத்தது. கையில் இருந்ததெல்லாம் எழுபது பேர் போகிற ஏ.டி.ஆர். 72 ரகம், விசிறி சுழலும் விமானம், குட்டை ஓடுபாதையே அதற்குப் போதும். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத கடப்பா, நாந்தேட், வித்யாநகர், பீதர் என்று ஊர் ஊராகப் பிடித்தார்கள். 2017 ஏப்ரல் 27-ல் சின்ன ஊர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் உடான் திட்டத்தைப் பிரதமர் தொடங்கியபோது சிம்லா விமானத்தோடு சேர்த்துக் கொடியசைக்கப்பட்ட கடப்பா, நாந்தேட் விமானங்கள் இவர்களுடையவைதான்.

உடானின் முதல் சுற்றில் மொத்தம் 128 வழித்தடங்கள் கொடுத்தார்கள். அதில் 50 ஏர் ஒடிசாவுக்கு, 34 ஏர் டெக்கானுக்கு. மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டு நிறுவனங்களிடம் போனது, அவர்களிடம் இருந்ததோ பதினெட்டு பேர் உட்காரக்கூடிய சின்னஞ்சிறு விமானங்கள் ஒரு சில. யார் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தார்களோ தெரியவில்லை. பெரும்பாலான வழித்தடங்கள் ஓடாமலேயே ரத்தாகின. நம் நெய்வேலி ஏர் ஒடிசாவிடம் மாட்டிக்கொண்ட ஊர்களில் ஒன்று. ட்ரூஜெட் வாங்கியது 18 வழித்தடங்கள்தான், ஆனால் சொன்னதில் பெரும்பாலானதைச் செய்து காட்டியது, அதனால்தான் அதன் வீழ்ச்சி எனக்கு உறுத்துகிறது. சரியாக நடத்தியவரே நிற்க முடியவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

உடான் கணக்கு இப்படி: பாதி இருக்கைகளை, ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்கிற மாதிரியான உச்சவரம்புக்குள் விற்க வேண்டும், அதில் விழுகிற துண்டை அரசு மானியமாகக் கொடுக்கும், மூன்று வருடத்துக்கு அந்தத் தடத்தில் வேறு யாரும் வர முடியாது. மூன்று வருடம் முடிந்தால் மானியம் மொத்தமாக நின்றுவிடும். சேலத்துக்கு அந்த மூன்று வருடத்தின் நடுவில் கொரோனா வந்தது. நாடு முழுக்க உள்நாட்டு விமானங்களை நிறுத்திய நாள் 2020 மார்ச் 25, அதாவது எங்களுக்கு விமானம் வந்து சரியாக இரண்டாவது ஆண்டு நிறைவு அன்று. பெரிய நிறுவனங்கள் கடன் வாங்கியாவது தாக்குப்பிடிக்கும். ஏழெட்டு வாடகை விமானங்களை வைத்துக்கொண்டு, வரவை ரூபாயிலும் வாடகையை டாலரிலும் பார்க்கிறவனால் எத்தனை மாதம் தாங்க முடியும்? 2021-ல் சேலம் சேவை நின்றது. 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட்டே பறப்பதை நிறுத்திக்கொண்டது.

இது சேலத்துக்கு மட்டும் வந்த கெட்ட நேரம் இல்லை. 2023-ல் வந்த மத்திய தணிக்கை அறிக்கை, உடானின் முதல் மூன்று கட்டங்களில் கொடுத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை என்கிறது. தொடங்கிய 371-ல் மூன்று வருடத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை வெறும் 54.

மூன்று வருடத்தில் சொந்தக் காலில் நிற்காத தடம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. சேலம் டவுனிலிருந்து காமலாபுரம் போய், முன்கூட்டியே காத்திருந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து பாரிமுனை போகிறவருக்கு விமானத்தால் பெரிதாக என்ன மிச்சம்? இப்போது வந்தே பாரத் ரயில் நான்கு மணி நேரத்துக்குள் சென்ட்ரலில் இறக்கி விடுகிறது, ராத்திரி ஏறிப் படுத்துக்கொள்ள ஏற்காடு எக்ஸ்பிரஸ் எப்போதும் இருக்கிறது. எங்கள் வெள்ளிக் கொலுசு வியாபாரிக்கும் ஜவ்வரிசிக்காரருக்கும் விமானம் தேவைப்படுவது ஹைதராபாத், மும்பை மாதிரி ரயிலில் ஒரு நாள் போகிற ஊர்களுக்கு. அதை யாரும் முதலில் கேட்கவில்லை, தலைநகருக்கு விமானம் என்றால் பேப்பரில் பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்து நிலையம் மறுபடி உயிர் பெற்றது. சந்தோஷம். ஆனால் ஓடுபாதை இன்னும் சுமார் 1,800 மீட்டர்தான், பெரிய ஜெட் இறங்க வழியில்லை. அதை நீட்டிக்க நிலம் கேட்டால், விளைகிற பூமியைக் கொடுக்க மாட்டோம் என்று சுற்றுவட்டார விவசாயிகள் எதிர்க்கிறார்கள். நாளைக்கு விமான சேவையே நின்றுபோகாது என்று யாராவது உறுதி சொன்னால்தானே அவர்களிடம் போய்ப் பேசவாவது முடியும்?

எனவே அரசிடம் கேட்பது இதுதான். மானியத்தை மூன்றாம் வருடக் கடைசியில் ஒரே வெட்டாக வெட்டாமல் ஐந்தாறு வருடத்தில் படிப்படியாகக் குறையுங்கள். தடத்தை ஒப்படைக்கும் முன் அந்த நிறுவனத்திடம் எத்தனை விமானம், எத்தனை விமானி இருக்கிறார்கள், ஒன்று பழுதானால் மாற்று உண்டா என்று பாருங்கள். எந்த ஊருக்கு, எந்த நேரத்தில் வேண்டும் என்பதை உள்ளூர் வணிகர் சங்கங்களிடம் கேளுங்கள். மாதாமாதம் எத்தனை நடை ஓடியது, எத்தனை ரத்தானது, எத்தனை இருக்கை நிரம்பியது என்று ஒவ்வொரு உடான் நிலைய வாசலிலும் எழுதிப் போடுங்கள். எங்கள் எம்.பி. இந்தக் கணக்கை மட்டுமாவது நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்கினால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓமலூர், சேலம் மாவட்டம்