கம்பியில் கோத்த காலண்டர் தாள்கள்

அன்புடையீர்,

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். வார்டு வாசலில் எங்களோடு நின்றவர்களே நீங்கள்தான். அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. நன்றியை மட்டும் எழுதிவிடுகிறோம்.

அதில் பெரும்பங்கு ஒருவருக்கு. லிட்டில் இந்தியாவில் அம்மா சாமான் வாங்கும் மளிகைக் கடையில் தராசுப் பக்கம் நிற்கும் அண்ணன் அவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை அடிவாரத்துத் தைப்பூசப் பந்தலில் அம்மா கையால் சாம்பார் சாதம் சாப்பிட்டவர்கள் பினாங்கில் எத்தனையோ பேர். அளவு கேட்டால் மட்டும் அம்மாவிடம் பதில் கிடைக்காது. "எல்லாம் கண்ணளவுதான்" என்பார். பதினாறாம் நாளுக்கு அதே சாதத்தைப் போட வேண்டும் என்று பந்தல் அக்காமார்கள் சொன்னபோது, அரிசி எத்தனை கிலோ என்பதிலேயே மூன்று பேர் மூன்று கணக்குச் சொன்னார்கள்.

அன்று இரவு கடை அடைத்த கையோடு அந்த அண்ணன் மோட்டாரில் வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே கம்பியில் கோத்த காலண்டர் தாள்கள். அம்மா சாமான் சீட்டை எப்போதும் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம்தான் எழுதுவார். நிறுத்துப் போட்டதும் கடையில் சீட்டைக் கம்பியில் குத்துவார்கள். வருஷக் கடைசியில் எல்லாம் குப்பைக்குப் போகும். அம்மாவின் தாள்களை மட்டும் அவர் உருவி எடுத்து வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "பூசத்துக்கு எழுதின சீட்டாச்சே, எப்படிங்க தூக்கிப் போடுறது?" என்றார்.

ஒவ்வொரு தாளிலும் முன்பக்கம் தேதி, நட்சத்திரம், ராகுகாலம். பின்பக்கம் நீலப் பேனாவில் "து.பருப்பு", "பெருங்.கட்டி" என்று அம்மாவின் சுருக்கெழுத்து. நடுவில் கம்பித் துளை. ஒரு தாளின் ஓரத்தில் மஞ்சள் விரல் பதிந்திருந்தது. அந்தத் தாள் கைமாறிக் கைமாறி வீடு முழுக்கச் சுற்றி வந்தது.

தாள்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாலே பெரிய உதவி. அவர் தரையில் உட்கார்ந்து படித்தும் காட்டினார். பூசத்துச் சீட்டுகளில் அரிசி 8, 16, 24 என்றே ஏறுகிறது. ஆக ஒரு அண்டாவுக்கு 8 கிலோ, அது 100 பேருக்கு. பருப்பு எப்போதும் அரிசியில் பாதி. மூன்று அண்டாவுக்குப் புளி 2 கிலோ, சாம்பார்ப் பொடி ஒன்றரை, வெல்லம் 1.

"பந்தல்ல பாயசம் கிடையாதே, அப்புறம் எதுக்கு வெல்லம்?" என்று அவரே கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "சாம்பாருக்குத்தான். புளிப்பை அடக்க. வருஷா வருஷம் நானே நிறுத்துக் கொடுத்திருக்கேன்" என்றார். இத்தனை வருஷம் அம்மாவோடு அண்டா கிளறிய அக்காமார்களுக்கே அது புதுச் செய்தி.

காய்கறி மட்டும் சீட்டில் இல்லை, அது சௌராஸ்தா பாசாரில் வாங்குவது. வெட்டிப் பழகிய அக்காமார்கள் அதைச் சொன்னார்கள்: அண்டாவுக்கு 7 கிலோ, அதில் 2 கிலோ பறங்கிக்காய், கரைந்து சாதத்துக்குக் கெட்டித்தன்மை கொடுக்க. வெண்டைக்காய் கூடாது, வழவழப்பு வந்துவிடும்.

ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றியது. பருப்பை மஞ்சளும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுத் தனியே குழைய விட்டார்கள். உப்பும் புளியும் அப்போது சேரக் கூடாது. புளி முந்திவிட்டால் பருப்பு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் விதைபோல நிற்கும். பிறகு அரிசியும் காயும், அண்டாவுக்குச் சுமார் 45 லிட்டர் தண்ணீர், பக்கத்து அடுப்பில் இன்னும் ஐந்தாறு லிட்டர் வெந்நீர் தயாராக. புளித்தண்ணீரைப் பொடி, உப்பு, வெல்லத்தோடு வேறு பாத்திரத்தில் பச்சை வாசனை போகக் கொதிக்க வைத்து, அரிசி மலர்ந்த பிறகே ஊற்றினார்கள். துடுப்பைத் தூக்கினால் சாதம் வழிந்து ஓட வேண்டும், அப்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். அண்டா தன் சூட்டிலேயே இறுகிக்கொள்ளும். சரியான பதம் வரட்டும் என்று காத்திருந்தால் பரிமாறும் நேரத்தில் கட்டியாகிவிடும்.

இரண்டாவது அண்டா லேசாக அடிப்பிடித்தது. பதறாமல், அடியைச் சுரண்டாமல், மேல் சாதத்தை வேறு அண்டாவுக்கு மாற்றிய அக்காவுக்குத் தனி நன்றி. சுரண்டியிருந்தால் தீய்ந்த வாடை முழுச் சாதத்திலும் ஏறியிருக்கும். அதுவும் அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். சமைத்தது நான்கு மணி நேரத்துக்குள் தீர வேண்டும் என்பதும், வெட்டுப் பலகையில் கை வைப்பவர் எல்லாரும் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதும் அம்மா விட்டுக்கொடுக்காத இரண்டு காரியங்கள். மலையின் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கி, தொண்டை வறண்டு வருபவர்களுக்கு அம்மா ஐஸ் போடாத நீர்மோர்தான் கொடுப்பார்: தயிர் ஒன்றுக்குத் தண்ணீர் நான்கு, தட்டிய இஞ்சி, உப்பு. வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்தவருக்கு உடனே ஐஸ் தண்ணீர் ஆகாது என்பது அவர் எண்ணம்.

முதல் வாய் வைத்ததும் பந்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அதே ருசி.

சாமானுக்கு அண்ணன் பணம் வாங்கிக்கொண்டார். "அம்மா ஒரு நாளும் கடன் வச்சதில்ல, இன்னிக்கும் வேணாம்" என்றார். அம்மாவை அவ்வளவு சரியாகத் தெரிந்தவர்.

இன்னும் பலருக்கு நன்றி சொல்ல வேண்டும். இரவோடிரவாகக் கூடாரம் போட்ட தம்பிமார்கள், கார் நிறுத்த வாசலைத் திறந்துவிட்ட மலாய்க்கார அண்டை வீட்டார், வெள்ளை உறையில் துக்கக் காசோடு வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி, ரத்தம் கொடுத்தவர்கள், சிவபுராணம் பாடியவர்கள், கேஸ் தோம்பு (சிலிண்டர்) தூக்கியவர்கள், எல்லாரும் போன பிறகு அண்டா தேய்த்தவர்கள். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள், மனத்தில் விடவில்லை.

தாள்களைப் படம் எடுத்துப் பந்தல் அக்காமார்களிடம் கொடுத்திருக்கிறோம். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அசல் அந்த டின்னுக்குள்ளேயே இருக்கும்.

அண்ணே, வருகிற பூசத்துக்கு முந்தின வாரம் சீட்டோடு நாங்கள் கடைக்கு வருவோம். காலண்டர் தாளின் பின்பக்கம்தான் எழுதியிருப்போம்: அரிசி 24, து.பருப்பு 12, புளி 2, பொடி 1½, வெல்லம் 1. நிறுத்துப் போட்டுவிட்டுக் கம்பியில் குத்துங்கள்.

இப்படிக்கு,
அம்மாவின் பிள்ளைகள்
பினாங்கு