பழைய கார்டெல்லாம் புதையல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிப்போர் பலர். அவற்றை வெளியிடும் டாப்ஸ் நிறுவனத்தின் 1952-ஆம் ஆண்டு மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதை நம்பி 1988, 1990-ஆம் ஆண்டுக் கார்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்குவோர் ஏமாறுவார்கள். அந்த ஆண்டுகளில் கார்டுகள் கணக்கின்றி அச்சாயின. வாங்கியவர்களும் விலை ஏறுமென்று உறை பிரிக்காமல் வைத்துக்கொண்டார்கள். இன்றும் புத்தம் புதிதாகக் குவிந்து கிடக்கின்றன. மேன்டில் கார்டின் கதை வேறு. அந்தக் கார்டு இடம்பெற்ற 1952-இன் கடைசித் தொகுதியில் விற்காமல் தேங்கியவற்றை 1960-இல் கடலில் கொட்டியதாக டாப்ஸில் பணியாற்றிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார்.

பணம் நிற்க வேண்டுமானால், ஓய்வு பெற்று ஹால் ஆஃப் ஃபேம் என்னும் சாதனையாளர் பட்டியலில் இடம்பிடித்த ஆட்டக்காரரின் ரூக்கி கார்டை, அதாவது அறிமுகக் காலக் கார்டை, வாங்குங்கள். 2006 முதல் ரூக்கி கார்டுகளில் 'ஆர்.சி.' முத்திரை இருக்கும். உயர்மட்ட மேஜர் லீகுக்கே இன்னும் வராத இளைஞர்களின் போமன் (இதுவும் ஒரு கார்டு பிராண்டு) கார்டு சூதாட்டம்தான். அதிலும் பந்து வீசுபவர் என்றால், ஒரு முழங்கை அறுவைச் சிகிச்சை போதும், விலை சரிந்துவிடும்.

கார்டைக் கையில் எடுத்ததும் படத்தைச் சுற்றியுள்ள ஓரங்களின் அகலத்தை அளந்து பாருங்கள். இடப்பக்கம் 2 மி.மீ., வலப்பக்கம் 3 மி.மீ. என்றால் 40-க்கு 60; மூலைகள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கார்டுகளுக்குத் தரமிடும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் உச்ச தரமான 10 கிடைக்காது. மேற்பரப்பை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால்தான் கீறலும் மடிப்பும் தெரியும். இன்றைய அளவு 2.5க்கு 3.5 அங்குலம் (1952 கார்டு சற்றுப் பெரியது). அளவு குறைந்தால், தேய்ந்த ஓரத்தை யாரோ வெட்டியிருக்கலாம். பி.எஸ்.ஏ. 8 தரம் பெற்ற பழைய ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற கார்டே அப்படி வெட்டப்பட்டதுதான் என்பது 2013-இல் நீதிமன்றத்தில் வெளிவந்தது.

தரமிட்ட கார்டு என்றாலும் சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். தரமிட்ட கார்டை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் பெட்டிகளிலும் போலிகள் உலவுகின்றன. அந்தத் தரத்தில் எத்தனை கார்டுகள் உள்ளன என்ற கணக்கும் அங்கேயே கிடைக்கும். ஆட்டக்காரர் கென் கிரிஃபி ஜூனியருக்கு அப்பர் டெக் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட கார்டு எவ்வளவு பிரபலம்! ஆனால் அதில் பி.எஸ்.ஏ. 10 மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

விற்பவர் கேட்கும் விலையை விடுங்கள். ஈபேயில் கடைசி மூன்று மாதங்களில் உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைப் பாருங்கள்.

வாங்கிய கார்டை முதலில் மெல்லிய உறையிலும், பிறகு டாப்லோடர் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறையிலும் வையுங்கள். மெல்லிய உறையில்லாமல் நேரே டாப்லோடரில் செருகினால் மூலை அங்கேயே மழுங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்