கம்பு யார் கைக்குப் போகிறது? குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம். போன மழைக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் குடியிருப்பின் அடித்தள வண்டி நிறுத்துமிடத்துக்குள் பாம்பு வந்துவிட்டது. ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. ஆறடிக்குக் குறையாது. மஞ்சளோடிய பழுப்பு உடம்பு, வால் பக்கம் போகப்போகக் கறுப்புக் கோடுகள், உதட்டோரத்தில் மை தீட்டியதுபோல் நாலைந்து கீற்றுகள், முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். ஓட வழியில்லாததால் கழுத்தை உப்பவைத்து உறுமியது. “படம் எடுக்கிறது!” என்று யாரோ கத்தினார். அதற்குள் எங்களில் இருபது பேர் செல்போனில் படம் எடுக்கத் தொடங்கியிருந்தோம்.

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். படை நடுங்கியது உண்மைதான். கலைந்துபோக மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

காவலறைக் கதவுக்குப் பின்னால் எப்போதும் சாத்தி வைத்திருக்கும் மூங்கில் கம்பை ஒருவர் எடுத்து வந்தார். அது மூன்று கை மாறி, இரவுப் பணிக்கு அப்போதுதான் வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்த காவலாளியின் கையில் போய் நின்றது. அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு. முதல் அடி தரையில் விழுந்தது. இரண்டாவது அடி பாம்பின் நடு உடம்பில். அது திரும்பிச் சீறியபோது அவர் பின்வாங்கி, இடறி, தூணில் முழங்கையை இடித்துக்கொண்டார். அதன் பிறகு எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. கடைசியில் ஒருவர் பாம்பின் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அதையும் படம் எடுத்தோம். செத்த விஷப்பாம்பின் தலைகூட சில மணி நேரம்வரை தன்னிச்சையாகக் கடிக்கும் என்பதை அங்கிருந்த யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

நல்லவேளையாக, அது சாரை. துளி விஷம் கிடையாது. எலி பிடிக்க வந்தது.

அந்தச் சாரைக்காகவும் வருத்தம் உண்டு. ஆனால் இந்த மடல் அதற்காக அல்ல. விரியனா சாரையா என்று எவருக்கும் தெரியாத அந்த நிமிடத்தில், கம்பு ஏன் சங்கக் கூட்டத்தில் ஓட்டு இல்லாத ஒருவரின் கைக்குப் போயிற்று என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பாம்பு வந்தால் என்ன செய்வது என்று எந்தச் சங்கத்திலும் தீர்மானம் இருந்து நான் பார்த்ததில்லை. இருப்பது ஒரு கம்பும் ஒரு காவலாளியும்தான்.

ஆண்டுதோறும் உலகில் 81,000 முதல் 1,38,000 பேர்வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2017இல் அந்நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலின் பெயரைப் படிக்கும்போதெல்லாம், புறக்கணிக்கப்பட்டது நோயா, அதற்கு ஆளாகிறவர்களா என்று எனக்குத் தோன்றும். வயலில் இறங்குகிறவர்கள், வெறுங்காலோடு நடக்கிறவர்கள், தரையில் படுக்கிறவர்கள்தான் பெரும்பாலும் சாகிறார்கள். இது கிராமத்துச் சங்கதி என்று நீங்கள் சொல்லலாம். பெருமளவு உண்மைதான், நகரத்தில் பாம்புக்கடி அரிது. ஆனால் வெறுங்கையால் சருகு அள்ளுகிறவரும், குப்பை அறையின் இருட்டில் கைவிட்டுத் துழாவுகிறவரும், அடித்தளத்தில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கிறவரும் நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறார்களே.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் நடமாடும் பாம்பு அது. தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. எறும்பு என்று நினைத்துப் புரண்டு படுத்துவிடுவார். கடிவாயில் வீக்கமும் பெரிதாக இருக்காது. விடியும் நேரத்தில் வயிற்றைப் பிசையும், இமையைத் தூக்க முடியாது, பேச்சு குழறும், பிறகு மூச்சுவிடுவதே பாடாகும். இதற்கு ஒரு கட்டிலும், ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலையும் போதுமான காவல். கட்டடத்தின் முகப்பில் எந்தக் கல்லைப் பதிப்பது என்று மூன்று கூட்டம் போட்டுப் பேசுகிற சங்கங்களுக்கு இது பெரிய காரியமா?

ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுக்களில் இதற்குச் சொல்லப்படும் காரணங்களைப் படித்தால், பாம்புக்கு நம்மோடு ஏதோ முன்பகை இருப்பதாகவே தோன்றும். ஒன்றும் இல்லை. அடைமழையில் பொந்துக்குள் தண்ணீர் நிறைந்தால் மேட்டுக்கு வரும். பொந்துகூட அதன் சொந்தப் பொந்து அல்ல, பெரும்பாலும் எலி தோண்டியது. மற்றபடி நகரத்தில் பாம்புக்கு வேண்டியது இரை, மறைவிடம், கொஞ்சம் கதகதப்பு. குப்பை அறையின் கதவு அரையடி தூக்கி நின்றால் எலி வரும். எலி வந்தால் சாரையும் வரும், நாகமும் வரும். விளக்கைச் சுற்றிப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்கு வெள்ளிக்கோல் வரையன். அந்தச் சிறு பாம்பு சொரசொரப்பான சுவரில் சரசரவென்று ஏறிவிடும், அதனால்தான் மாடி வீட்டுக் குளியலறையிலும் தென்படுகிறது. விஷமற்ற அதைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்தவர்கள் எத்தனையோ பேர். கட்டுவிரியனை வெள்ளிக்கோல் வரையன் என்று நினைத்துத் தூக்கியவர்களும் உண்டு. அவர்கள் கதைதான் பயங்கரம். அதனால் பாம்பை இனம் காண நாம் யாரும் முயல வேண்டாம், நான் மேலே எழுதிய சாரையின் அடையாளத்தை நம்பியும் கூட.

சிங்கப்பூரின் கால்வாய்களில் ராஜ மலைப்பாம்புகள் எலி தின்று வாழ்கின்றன. பாங்காக்கின் நட்டநடுவில் இருக்கும் லும்பினி பூங்காவில், ஓட்டப் பயிற்சி செய்கிறவர்களின் பக்கத்திலேயே நீர் உடும்புகள் நடந்துபோகின்றன. போர்ட்டோ ரிக்கோ தீவின் நகரங்களில் வாழும் ஒருவகை ஓணான்களுக்கு, காட்டில் இருக்கும் அதே இனத்தைவிடக் கால்விரலின் அடியில் இருக்கும் ஒட்டும் திட்டுகள் பெரிதாகிவிட்டன என்று ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். வழவழப்பான சுவரைப் பிடித்து ஏறத்தான். நகரம் எங்களுடையது என்று நாம் பத்திரம் எழுதிக்கொண்டோம். அவை நகரத்தில் வாழப் பழகிக்கொண்டன.

எங்கள் சங்கம் அந்தச் சாரை நிகழ்ச்சிக்குப் பிறகு செய்தது என்ன தெரியுமா? மதிற்சுவரை ஒட்டிப் பாம்பு விரட்டும் பொடி. மாதம் ஒருமுறை. வீச்சம் மூன்று நாள் நிற்கும். கந்தகமோ பூண்டோ பினாயிலோ, பாம்பை நம்பகமாகத் தடுத்து நிறுத்தும் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. பாம்பு அதன்மேல் ஊர்ந்து போய்விடும். மனிதனின் தோலைத்தான் அது அரிக்கும். தூவுகிறவர் அதே காவலாளி, வெறுங்கையோடு. எலிக்கு வைக்கும் பசை அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை: எலியைத் தேடி வரும் பாம்பும், அந்தப் பக்கம் வரும் பல்லியும் அதில் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் துடிக்கும். காலையில் அட்டையை எடுக்கக் குனிகிறவர் பெருக்க வரும் அம்மா. உயிரோடிருக்கும் விஷப்பாம்பு முகத்துக்கு ஒரு முழத் தொலைவில்.

“அடிக்க வேண்டாம், பிடித்துத் தூரக் காட்டில் விட்டுவிடலாம்” என்று சொல்கிற இரக்கமுள்ளவர்களும் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பாம்புக்கும் பழகிய இடம் என்று ஒன்று உண்டு. கிலுகிலுப்பை விரியன்களை வேறிடத்தில் கொண்டுபோய் விட்டு, உடலில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவை வழி தெரியாமல் வெகுதூரம் அலைந்ததும், உள்ளூர்ப் பாம்புகளைவிட அதிகமாகச் செத்ததும் தெரியவந்தது. இங்கேயோ எலி இருக்கிறது. காலியான இடத்துக்கு அடுத்த பாம்பு வரும். பிடிக்கத் தெரிந்தவர்கள், கூடியவரை அருகிலேயே, மனித நடமாட்டம் இல்லாத இடத்தில் விடுவார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். பல நாடுகளில் பாம்பைக் கொல்வது மட்டுமல்ல, அனுமதி இல்லாமல் பிடிப்பதும் சட்டப்படி குற்றம்.

சாரையும் நாகமும் பின்னிக்கொள்ளும் என்கிற கதையையும், கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்திலேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்கிற கதையையும் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். பின்னிக்கொள்பவை இரண்டு ஆண் சாரைகள், சண்டை போடுகின்றன. கொம்பேறி மூக்கனால் மனிதருக்கு ஆபத்தே இல்லை. கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையில் கம்பிருக்கும்போது அந்தக் கதை நினைவுக்கு வருவதுதான் தொல்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பாம்பு பிடிக்கப் பயிற்சி பெற்றவர் அல்லது வனத்துறையின் தொலைபேசி எண்ணைக் காவலறைச் சுவரில் இன்றே ஒட்டுங்கள். பாம்பு தென்பட்டால் ஒருவர் மட்டும் தொலைவில் நின்று அது எங்கே போகிறது என்று கண்ணால் தொடரட்டும். மற்றவர்கள், முக்கியமாகப் பிள்ளைகள், மேலே போய்விடட்டும். அது போகும் வழியை யாரும் மறிக்க வேண்டாம். துப்புரவுப் பணியாளருக்கும் தோட்டக்காரருக்கும் கணுக்காலுக்கு மேல்வரும் பூட்ஸ், தடித்த கையுறை, சருகு வார நீளப் பிடிவைத்த வாரி. இரவுக் காவலருக்கு நல்ல டார்ச், கட்டில், கொசுவலை. குப்பை அறைக் கதவின் கீழ் இடைவெளியை அடையுங்கள், கழிவுநீர்க் குழாயின் வாய்க்கு வலை போடுங்கள்.

விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இரவிலும் கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து அங்கே கொண்டுபோக வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையே இல்லை. இதைக் காவலாளிக்கும் சொல்லிக் கொடுங்கள். கடிபடுகிறவர் அவராக இருந்தால் எந்த வண்டியில், யார் செலவில் போவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நள்ளிரவில் அதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் சங்கத்துக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்தக் காவலாளியின் முழங்கை ஆறிவிட்டது, மடக்கும்போது மட்டும் கொஞ்சம் பிடிக்கிறதாம். கம்பு காவலறைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நேற்றும் பார்த்தேன்.

இப்படிக்கு,
அந்த மாலை மூன்றாவது படியில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவன்