பக்கத்து வயல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். புற்றுநோய்க் கட்டியோடு வலது நுரையீரலின் மேல்மடலை எடுத்திருக்கிறார்கள். திண்ணை வரை நடக்கிறார், கஞ்சி இறங்குகிறது.

கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, அப்புறம் எதற்கு ஸ்கேன் என்று கேட்டிருந்தாய். நானும் டாக்டரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் விளக்கியபோது தலைஞாயிற்றில் உங்கள் அப்பாவின் வயல்தான் கண்ணில் நின்றது. பக்கத்தில் இறால் குட்டை வெட்டினார்களே. வரப்பு உடையவில்லை, தண்ணீரும் வழியவில்லை. ஆனாலும் உப்பு மண்ணுக்குள்ளேயே கசிந்து வந்து நாற்றைக் கருக்கியது.

புற்றுநோய் செல்களும் சும்மா இருப்பதில்லையாம். புரதங்களையும் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளையும் வெளியே விடுகின்றன. பக்கத்திலுள்ள நல்ல செல்கள் அவற்றை வாங்கிக்கொண்டு குணம் மாறுகின்றன. 2019இல் லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வகத்தார் இதை எலிகளில் காட்டினார்கள். மார்பகப் புற்று செல்கள் சிவப்பாக ஒளிரும் ஒரு புரதத்தைக் கசியவிடும்படி செய்தார்கள். அவை நுரையீரலில் போய்த் தங்கியதும், அக்கம்பக்கத்துச் செல்கள் அந்தச் சிவப்பை ஏற்றுத் தம்மை அடையாளம் காட்டிக்கொடுத்தன. அவற்றில் சில, முதிர்ந்த நுரையீரல் செல்லாக இல்லாமல், வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லின் சாயலுக்குத் திரும்பியிருந்தன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அண்ணன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நாற்பது வருஷப் பீடிப்புகை ஒரே இடத்திலா பட்டிருக்கும்? மூச்சுக்குழாய் முழுக்கப் பட்டிருக்கிறது. 1953இலேயே ஸ்லாட்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் சகாக்களும் வாய்ப்புற்றைச் சுற்றி, பார்வைக்கு நன்றாயிருந்த திசுவும் கெட்டிருப்பதைக் கண்டு அந்தப் பரப்பையே ‘ஃபீல்டு’ என்றார்கள். எனக்கு அது வயல் என்றே காதில் விழுந்தது. மீதி வயலைக் கவனிக்கத்தான் இந்த ஸ்கேன்.

உனக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். 2020இல் 16 பேரின் மூச்சுக்குழாய் செல்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். புகையை விட்டவர்களிடம், புகைக்காதவருடையதைப் போன்ற நல்ல செல்கள் பெருகியிருந்தன. சிலரிடம் 40 சதவீதம் வரை. எங்கோ ஒதுங்கிப் பிழைத்த கொஞ்சம் செல்கள்தான் மறுபடி தழைக்கின்றன என்று கருதுகிறார்கள்.

அண்ணன் பீடிக்கட்டை அவராகவே அண்ணியிடம் கொடுத்துவிட்டார். உன் சட்டைப்பையில் இருப்பதை நீயும் எடுத்துப் போட்டுவிடு சேகர். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

மேட்டூர் திறந்தாயிற்று. நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும் எழுதுகிறேன், ஒரு நடை வந்து அண்ணனைப் பார்.

உன்,
மணி